அறுபதைத் தாண்டாத கார்

அத்தியாயம் 6

காருக்கு முன்பாதி இல்லை. பின்பாதியில் ஒரு கீறல்கூட இல்லை. பின்பக்கக் கண்ணாடியில் "நிதானமாகப் போ, வீட்டில் காத்திருக்கிறோம்" என்ற ஸ்டிக்கர் ஓரம்கூட மடங்காமல் ஒட்டியிருந்தது. காவல் நிலையத்துக்குப் பின்னால், பிடிபட்ட வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் அந்த மைதானத்தில் நின்று அதைப் படித்ததும், அன்றைக்கு எனக்கு வரவேண்டிய கிண்டலில் பாதி வராமல் போய்விட்டது.

மீதிப் பாதியே என் வாய்க்கு அதிகம்தான். உதிரிபாகக் கடையில் பன்னிரண்டு வருடம் நின்று கத்தியதில் எனக்கு ஹாரன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இப்போது சர்வேயரம்மாவுக்கு உதவியாளன். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருடம் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர் அவர். எழுதிய அறிக்கை ஒன்றை மாற்றி எழுதச் சொன்னார்கள். பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து, இப்படிப்பட்ட வழக்குகளை எடுக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பதற்கு அவருக்கு வருடத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருப்பார்கள் போலிருக்கிறது. அது எந்த நாள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"மணி என்ன?" என்றார்.

"பத்து அஞ்சு மேடம்."

"பன்னெண்டுக்கு இது நசுக்குற மெஷினுக்குப் போயிடும். மூணு மணிக்கு கோர்ட்டு. வேலையைப் பாரு."

விஷயம் இதுதான். ஆறு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை, மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியான ஓர் இளைஞன் இந்தக் காரில் நெடுஞ்சாலையில் போனான். முன்னால் ஒரு லாரி. அதை முந்த வெளியே வந்தான். பாதி முந்தியபோது காரின் வேகம் செத்துவிட்டது. எதிரே பேருந்து. லாரி டிரைவர் கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டு வரி எனக்கு மனப்பாடம்: "பக்கத்துல வந்த வண்டிக்கு மூச்சு நின்ன மாதிரி ஆயிடுச்சு. நான் கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருந்தேன், பிரேக் போட்ட மாதிரியே தெரியலை, முன்பக்கம் அமுங்கவே இல்லை."

அந்தக் கார் வேகம் எடுக்கவில்லை என்று பையன் மூன்று முறை ஒரே மெக்கானிக்கிடம் போயிருந்தான். மூன்று முறையும் சரியாகிவிட்டது என்று அனுப்பியவர் மெக்கானிக். போதாதா? ஆறு நாளாக அவர் உள்ளே இருக்கிறார். இன்று ஜாமீன் கிடைக்கவில்லை என்றால், விசாரணை முடியும்வரை உள்ளேதான். எங்களைக் கூப்பிட்டது அவருடைய மனைவி. தையல்காரி. இரண்டு பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவை எடுக்கக்கூட மறந்து அப்படியே வந்து நின்றுகொண்டிருந்தார்.

காவலுக்கு ஒரு காவலர். அவருக்குப் பக்கத்தில், தகரக் கூரை நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர். அவரைப் பார்த்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது.

"மாஸ்டர்," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். என்னை அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "நீயா? கிளட்சை உதைச்சு உதைச்சு ரெண்டு மாசம் என் உயிரை வாங்கினவன்தானே?"

"அவனேதான் மாஸ்டர்."

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். முப்பது வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, எங்கள் எல்லாருடைய உயிரையும் காப்பாற்றியவர். செத்துப்போனது அவருடைய சின்ன மகன். அது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. காகிதத்தில் இருந்த தகப்பன் பெயரை நான் இவரோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. எங்களுக்கெல்லாம் அவர் வெறும் மாஸ்டர். அவர், நான் எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மடியில் ஒரு அட்டைக் கோப்பு வைத்திருந்தார். அதைச் சுற்றி வெள்ளை நாடா. இரண்டு விரலால் நாடாவின் எந்த நுனியையோ பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார், கட்டு கழன்று விழுந்தது. உள்ளே இருந்து காகிதத்தை எடுத்துக் காவலரிடம் நீட்டினார். வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுக்கச் சம்மதம் என்ற கடிதம்.

"ரெண்டு மணி நேரம் குடுங்க மாஸ்டர்," என்றார் சர்வேயரம்மா. "பார்த்துட்டு விட்டுடறேன்."

"என்னத்தைப் பார்க்கப்போறீங்க? போனது திரும்பி வரப்போகுதா?"

"வராது. ஆனா இன்னொருத்தர் உள்ள இருக்காரு."

மாஸ்டர் மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துவிட்டார். "பாருங்க," என்றார். கோப்பை மூடி, நாடாவைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

*

முன்பக்கம் எஞ்சின் இருந்த இடத்தில் கசங்கிய இரும்பு மட்டும். அங்கே சோதிக்க ஒன்றுமில்லை. ஆனால் பெட்ரோல் தொட்டி இருப்பது பின் இருக்கைக்கு அடியில். பம்ப் அந்தத் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கும். சாவியைத் திருப்பினதும் உள்ளே லேசாக ஒரு ரீங்காரம் கேட்கும், பெட்ரோலை அழுத்தி முன்னால் தள்ளும். அந்த அழுத்தம் இருந்தால்தான் எஞ்சின் வாயில் இருக்கும் இன்ஜெக்டர்கள் ஒழுங்காகத் தூவும். மாடி வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் கதைதான், வேறொன்றும் இல்லை.

காவலரின் வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

"சார், இன்னொரு அஞ்சு நிமிஷத்துல இங்க பெட்ரோல் வாசம் வரும்," என்றேன். "உங்களுக்கு வீட்டுல ஏதாவது சொல்லிட்டு வரணும்னா இப்பவே சொல்லிடுங்க."

சிகரெட் தண்ணீர்க் குட்டையில் விழுந்தது. தீயணைப்பானை எடுத்துக் காலடியில் வைத்தேன்.

காருக்கு அடியில் ஓடும் பெட்ரோல் குழாய் எஞ்சின் பக்கம் அறுந்திருந்தது. அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, நடுவில் அழுத்தம் காட்டும் கேஜ், முனையில் ஒரு சின்னத் திறப்பு, அதற்குக் கீழே கேன். பம்புக்குப் போகும் வயரை வெளியே இருந்து ஒரு பேட்டரியில் தொட்டேன். பின் இருக்கைக்கு அடியில் ரீங்காரம் கேட்டது. அந்த வண்டியில் உயிரோடு மிச்சமிருந்த ஒரே பொருள் அதுதான்.

கேஜின் முள் எழுந்து மூன்றில் நின்றது.

"எவ்வளவு இருக்கணும்?" காவலர் குனிந்து பார்த்தார்.

"மூணுதான்."

"அப்போ பம்ப் நல்லாத்தானே இருக்கு?"

மெக்கானிக்கின் மனைவி மெல்லச் சொன்னார். "அவரும் இதேதான் சொன்னாரு. மூணு தடவையும் கேஜ் போட்டுப் பார்த்தேன், மூணு சரியா நின்னுச்சுன்னு. அந்தத் தம்பிகிட்டயே காட்டியிருக்காரு."

"வண்டியை எங்க வெச்சு பார்த்தாரு?" சர்வேயரம்மா கேட்டார்.

"கடை வாசல்லதான்."

"நிக்க வெச்சு?"

"ஆமா. இடம் ஏது? நிக்க வெச்சுதான் பார்ப்பாரு, எல்லா வண்டியையும்."

சர்வேயரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் முனையில் இருந்த திறப்பைக் கால்வாசி திருப்பினேன். பெட்ரோல் நூலாகக் கேனில் விழுந்தது. முள் மூன்றை விட்டு அசையவில்லை. பாதி திருப்பினேன். முள் இரண்டுக்கு இறங்கியது. முழுக்கத் திறந்தேன். முள் அப்படியே படுத்துக்கொண்டது. கேனில் பீய்ச்ச வேண்டிய பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. பின் இருக்கைக்கு அடியில் ரீங்காரம் மாறி, கீச்சென்று ஒரு சத்தம்.

"என் மச்சான் இதே ரகம்," என்றேன். "உட்கார்ந்த இடத்துல ஆள் புலி. எழுந்து ஒரு வேலை செய்யச் சொன்னா படுத்துக்குவாரு."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

சர்வேயரம்மா காவலருக்குப் புரியும்படி சொன்னார். "நிக்கிற வண்டிக்குக் கொஞ்சூண்டு பெட்ரோல் போதும். அப்போ எல்லாம் சரியாத்தான் தெரியும். அழுத்தி ஓட்டும்போதுதான் நிறைய கேக்கும். அந்த நேரத்துல இது குடுக்கலை. மெக்கானிக் நிக்க வெச்சே மூணு தடவையும் பார்த்திருக்காரு. ஒரு தடவை பக்கத்துல உட்கார்ந்து ஓட விட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

மெக்கானிக்கின் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ அவர் மேலதான் தப்பா மேடம்?"

"தப்பு இருக்கும்மா. ஆனா அந்தத் தப்புக்கு ஜெயில் இல்லை. இன்னும் பார்க்கணும்."

"இதுல பார்க்க என்ன இருக்கு?" காவலர் நோட்டைத் திறந்தார். "பம்ப் வீக். அதைக் கண்டுபிடிக்காம விட்டுட்டான். எழுதிக்கறேன்."

"பம்ப் வீக்கா இருந்தா மூடி வெச்சாலும் மூணு வராது. சத்தத்தைக் கேட்டீங்கல்ல? அது வலுவில்லாம கத்தலை. குடிக்க எதுவும் கிடைக்காம கத்துது."

பின் இருக்கையைத் தூக்கினேன். அடியில் மிட்டாய்க் காகிதம், ஒரு பேனா மூடி, மூன்று வருடப் புழுதி. நடுவில் வட்டமான தகர மூடி, நான்கு திருகு. சர்வேயரம்மா கண்ணாடியை நெற்றியில் இருந்து கீழே இறக்கிக்கொண்டார்.

"என்ன தெரியுது ஹாரன்?"

"எல்லாம் ஒரே தூசி மேடம். இந்த நாலு திருகு மட்டும் குளிச்சிட்டு வந்திருக்கு."

"எழுதிக்கங்க," என்றார் காவலரிடம். "இதை யாரோ திறந்திருக்காங்க. ஒரு தடவைக்கு மேல."

"யாரோ என்ன, அவன்தான். வண்டி மூணு தடவை அவன்கிட்டதானே இருந்துச்சு."

"அவர் தொட்டியைத் தொடவே இல்லை சார்," என்றார் மனைவி. "வெளிய இருக்கற ஃபில்டரை மாத்தினாரு, இன்ஜெக்டரைக் கழுவினாரு. அதுக்கும் சரியாகலைன்னதும் புது பம்புக்குச் சொல்லி வெச்சிருந்தாரு. வியாழக்கிழமை வரவேண்டியது. அன்னைக்குத் தொட்டியைத் திறக்கலாம்னு இருந்தாரு. அதுவரைக்கும் அழுத்தாம ஓட்டுங்க தம்பின்னு சொல்லித்தான் அனுப்பினாரு."

வியாழக்கிழமைக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

திருகுகளைக் கழற்றி, மூடியை எடுத்து, பம்பைப் பிடித்திருந்த வளையத்தைத் தளர்த்தி, உள்ளே இருந்து அதை மெதுவாகத் தூக்கினேன். பெட்ரோல் வழிந்தது. பம்பின் அடியில், பெட்ரோலை உறிஞ்சும் வாயில் வலைப் பை ஒன்று இருக்கும், குப்பையைத் தடுக்க. அந்த வலை எனக்குத் தெரியவில்லை. அதன் மேல் மஞ்சள் துணி ஒன்று மடித்துச் சுற்றப்பட்டு, நாடாவால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. தொட்டிக்குள் இருந்த கசடெல்லாம் ஒட்டித் துணியின் அடிப்பாகம் பழுப்பாகியிருந்தது.

எங்களைக் கூப்பிட்டவரே எங்களைக் கவிழ்த்தார்.

"அது எங்க துணி," என்றார் மெக்கானிக்கின் மனைவி.

நான் இருமினேன். பலமாகவே இருமினேன். அவர் காதில் விழவில்லை.

"வண்டி சர்வீஸ் முடிஞ்சு போகும்போது ஆளுக்கு ஒரு மஞ்சள் துணி குடுப்பாரு, கண்ணாடி துடைக்க. நான்தான் வெட்டி ஓரம் அடிச்சுத் தருவேன். இது நான் தைச்சது."

காவலர் எச்சில் தொட்டு நோட்டின் பக்கத்தைத் திருப்பினார். "நல்லதும்மா. நீங்களே சொல்லிட்டீங்க." பேனா வேகமாக ஓடியது.

கட்சிக்காரர் பொய் சொன்னால் சமாளிக்கலாம். உண்மை சொல்லும் கட்சிக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் சர்வேயரம்மாவைப் பார்த்தேன். அவர் பதறவில்லை. துணியின் ஓரத்தைக் குறட்டால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இந்த ஓரத்தைப் பாருங்கம்மா. என்ன நூல்?"

மெக்கானிக்கின் மனைவி கிட்டே வந்து குனிந்தார். தையல்காரிகளுக்கு மட்டும் இருக்கும் ஒரு பார்வை உண்டு, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து. "சிவப்பு," என்றார். நிமிர்ந்தவரின் குரல் மாறியிருந்தது. "மேடம், சிவப்பு நூல் போன வருஷத்தோட தீர்ந்துபோச்சு. இந்த வருஷம் பூரா நீலம்தான் போட்டேன். கடையில இருக்கற எல்லாம் நீலம்."

"பழசு ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்காதா?" என்றார் காவலர்.

"எப்படி சார் இருக்கும்? துணி தீர்ந்துபோச்சுன்னு அவர் கேட்டதாலதானே புதுசா நீல நூல்ல தைக்க ஆரம்பிச்சேன்."

"இந்த வண்டி போன வருஷம் சர்வீசுக்கு வந்துச்சா?" சர்வேயரம்மா கேட்டார்.

"வந்துச்சு. அப்போ அந்தத் தம்பியும் அவங்க அப்பாவும்..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

காவலரின் பேனாவும் நின்றது. "அப்போ இந்தத் துணி கடையில இருந்து வந்ததில்லை," என்றார் மெதுவாக. "வண்டிக்குள்ள இருந்ததா?"

"வண்டியில இல்லைன்னா வண்டிக்காரங்க வீட்டுல," என்றார் சர்வேயரம்மா.

நான் அப்போது துணியைப் பார்க்கவில்லை. நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சுற்று, ஒரு கண்ணி, நுனியை மடித்துக் கண்ணிக்கு அடியிலேயே செருகிவிட்ட கட்டு. எங்கே பிடித்து இழுத்தாலும் இறுகும். அந்தச் செருகிய நுனியை மட்டும் கண்டுபிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். தினமும் இருபது தடவை கட்டி அவிழ்ப்பதற்கென்றே உண்டான முடிச்சு. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் எல் போர்டு கட்டுகிற முடிச்சு. அதைப் போடக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு நாள் ஆனது. இன்று காலையில்தான் ஒரு கோப்பின் மேல் அதைப் பார்த்தேன்.

என் கண் தகரக் கூரைப் பக்கம் போகாமல் நான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"என்ன ஹாரன், சத்தத்தையே காணோம்?"

"தொண்டை கட்டிக்கிச்சு மேடம்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நான் பார்க்காமல் தவிர்த்த பக்கம் திரும்பினார்.

காவலர் பேனாக்கத்தியை எடுத்திருந்தார். "வெட்டி எடுத்துடவா?"

"வெட்டாதீங்க. கட்டு முழுசா வேணும்."

காவலர் நகத்தால் முயன்றார். நாடா இன்னும் இறுகியது. சர்வேயரம்மா முயன்றார். அதுவும் ஆகவில்லை. என் முறை வந்தபோது எனக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அவருக்கு அது பொய் என்று தெரியும்.

பம்பைத் தூக்கிக்கொண்டு அவர் தகரக் கூரைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

"மாஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்க," என்றார், வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கக் கொடுப்பதுபோல. "எங்க மூணு பேருக்கும் வரலை."

மாஸ்டர் பம்பைக் கையில் வாங்கினார். அவர் கவனம் எங்கேயோ இருந்தது, விரல்கள் தங்கள் வேலையைப் பார்த்தன. கட்டைவிரல் நேராகக் கண்ணியின் அடிக்குப் போய், செருகியிருந்த நுனியைத் தள்ளி எடுத்து, ஒரு இழுப்பு. நாடா கழன்று அவர் மடியில், கோப்பின் நாடாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. இரண்டும் ஒரே நாடா.

அவர் அப்போதுதான் கீழே பார்த்தார்.

அவிழ்த்த துணியை சர்வேயரம்மா விரித்தார். நடுவில் ஒரு கறை வளையம். அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு வளையம். "முதல்ல ஒரு மடிப்பா கட்டியிருக்கு. அப்புறம் அவிழ்த்து ரெண்டு மடிப்பா," என்றார். அதட்டாமல்தான் சொன்னார்.

முதலில் பேசியவர் மெக்கானிக்கின் மனைவி. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஐயா, அவர் ஆறு நாளா சாப்பிடலை. ஜெயிலுக்குப் பயந்து இல்லை. அந்தத் தம்பி கடைசியா வந்துட்டுப் போனப்போ, பார்த்துப் போங்கன்னு இவர் கை காட்டினாரு. நான்தான் அவனைக் கொன்னுட்டேன், எங்கேயோ எதையோ நான் விட்டுட்டேன்னு பார்க்கப் போகும்போதெல்லாம் அதையே சொல்றாரு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழறாரு. பிள்ளைங்க முன்னாடி."

மாஸ்டரின் கையில் இருந்த பம்பை நான் வாங்கிக் கீழே வைத்தேன்.

"பெரியவன் போய் ஆறு வருஷம் ஆகுது," என்றார் மாஸ்டர். எங்களிடம் சொன்னாரா, மடியில் கிடந்த நாடாவிடம் சொன்னாரா, தெரியவில்லை. "நூத்திப் பத்துல வண்டி ஓட்டினான்னு சொன்னாங்க. ஊருக்கே சொல்லிக் குடுத்தவன் வீட்டுலயே இப்படியான்னு கேட்டாங்க. சின்னவனும் அதே மாதிரிதான். கெஞ்சினேன். திட்டினேன். சாவியை ஒளிச்சு வெச்சேன். அந்த ஸ்டிக்கரை ஒட்டினேன், அதைப் பார்த்துச் சிரிச்சான். அவன் பக்கத்துல தினமும் போய் நான் உட்கார முடியுமா? எனக்கு அங்க பிரேக்கும் இல்லை."

"அதனால தொட்டிக்குள்ள ஒரு பிரேக் வெச்சீங்க," என்றார் சர்வேயரம்மா.

"டிரைவிங் ஸ்கூல் வண்டியில ஒரு தடவை தொட்டியில அழுக்கு சேர்ந்து இப்படி ஆயிருக்கு. ஓடும், ஆனா வேகம் போகாது. அது ஞாபகம் வந்துச்சு. அவன் குளிக்கப் போன நேரத்துல ஒரு மடிப்பு கட்டினேன். எண்பது வரைக்கும் போச்சு. அடுத்த வாரம் ரெண்டு மடிப்பு கட்டினேன். அறுபதைத் தாண்டலை. வண்டி ஓடவே மாட்டேங்குதுப்பான்னு வந்து புலம்பினான். அன்னைக்கு ராத்திரி நான் நிம்மதியா தூங்கினேன். ஆறு வருஷத்துக்கு அப்புறம்."

"மெக்கானிக் வியாழக்கிழமை தொட்டியைத் திறக்கப்போறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சொன்னான். புதன்கிழமை கழட்டிடலாம்னு இருந்தேன்."

காவலர் எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"முந்தும்போது என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுப்பீங்க மாஸ்டர்?" சர்வேயரம்மா கேட்டார்.

நான்தான் சொன்னேன், ஏனென்றால் பதினைந்து வருடமாக ஒவ்வொரு முறையும் என் காதில் கேட்கிற குரல் அது. "முடிவு பண்ற வரைக்கும் நூறு தடவை யோசி. வெளிய வந்துட்டா காலை எடுக்காதே. அழுத்தி வெளிய போயிடு."

"அவனுக்கும் அதையேதான் சொல்லிக் குடுத்தேன்," என்றார் மாஸ்டர். "லாரிக்காரர் சொன்னதைப் படிச்சேன். பிரேக் போடவே இல்லைன்னு. ஊரே அவனுக்குத் திமிருன்னு பேசுது. திமிர் இல்லைங்க. காலை எடுக்கலை அவன். நான் சொன்னபடியே அழுத்திக்கிட்டே இருந்திருக்கான். வண்டிதான் போகலை."

நான் போய்க் கேனை மூடுவதுபோல முதுகைக் காட்டி நின்றேன்.

"அப்புறம் ஏன் மெக்கானிக் மேல குடுத்த புகார்ல கையெழுத்துப் போட்டீங்க?" சர்வேயரம்மா கேட்டார்.

"வீட்டுல அவ கேட்டா, என் பிள்ளை சாவுக்கு யார் காரணம்னு. இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டினாரு. அவ என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. நான் பேனாவை வாங்கிட்டேன்." அவர் முதல்முறையாக மெக்கானிக்கின் மனைவியை நேராகப் பார்த்தார். "அம்மா, எழுந்திருக்கவே எனக்குத் தெம்பில்லை. இல்லைன்னா உங்க கால்ல விழுந்திருப்பேன்."

"என் கால்ல விழவேண்டாம்," என்றார் அவர். முகத்தில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. "மூணு மணிக்கு அவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்க. அங்க வந்து இதைச் சொல்லுங்க. அவர் காதுல விழற மாதிரி சொல்லுங்க."

மாஸ்டர் தலையை ஆட்டினார். கொஞ்சம் கழித்து, "என் வீட்டுக்காரிக்கு?" என்றார்.

"இன்னைக்குச் சாயங்காலம் நீங்களே சொல்லணும்," என்றார் சர்வேயரம்மா. "வேற யார் வாயிலயும் அவங்க இதைக் கேக்கக் கூடாது."

காவலர் துணியையும் நாடாவையும் தனித்தனிப் பையில் போட்டு முத்திரை வைத்தார். பழைய இரும்புக் கடிதத்தை அவரே எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டரைத் தொலைபேசியில் பிடித்தார். இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தார். ஆளையும் பொருளையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கி முடிக்க மணி ஒன்றரை தாண்டிவிட்டது.

*

நிலையத்தின் ஜீப் எங்கேயோ போயிருந்ததால் என் காரிலேயே கிளம்பினோம். பின்னால் சர்வேயரம்மா, காவலர், மெக்கானிக்கின் மனைவி. மடியில் முத்திரை வைத்த பைகளோடு காவலர் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால், என் பக்கத்து இருக்கையில், மாஸ்டர்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறேன். கிளட்சை உதைக்காமல் எடுத்தேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பெல்ட்டை மட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

மணி இரண்டே காலுக்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். இரண்டரைக்கு முன்னால் ஒரு லாரி அகப்பட்டது. செங்கல் ஏற்றி, நாற்பதில் நகர்ந்துகொண்டிருந்தது. நான் அதன் பின்னாலேயே போனேன். கண்ணாடியில் மெக்கானிக்கின் மனைவி தெரிந்தார். கைக்கடிகாரத்தையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் முந்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. சர்வேயரம்மாவும் சொல்லவில்லை. அந்தக் காரில் இருந்த யாருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மாஸ்டர்தான் சொன்னார்.

"இப்போ போகலாம். எதிர்ல ஒண்ணும் இல்லை."

பழைய குரல்தான். இண்டிகேட்டரைப் போட்டு வெளியே வந்தேன். அழுத்தினேன். என் கார் கேட்டதையெல்லாம் கொடுத்தது, அறுபது, எழுபது, எண்பது. லாரியின் சக்கரங்கள் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஓரக்கண்ணால் பார்த்தேன். மாஸ்டரின் கால் காரின் தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. முழங்கால் வரை இறுகி, நரம்பு தெரிய, முழு பலத்தோடு. அங்கே பிரேக் எதுவும் இல்லை.

லாரியைத் தாண்டி உள்ளே வந்தேன். ஐந்து நிமிடம் முன்னதாகவே கோர்ட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். படிக்கட்டில் வேறொரு காவலர் முன்னால் போக, பின்னால் மெக்கானிக் தலையைக் குனிந்தபடி ஏறிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்துகொண்டு ஓடினார். நான் எஞ்சினை அணைத்தேன்.

"மாஸ்டர், வந்துட்டோம்," என்றேன்.

அவர் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காலை மட்டும் எடுக்கவில்லை.